தினமும் இருபது நிமிஷம்

எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம். வேலை நாள்ல நானும் எங்க வீட்டுக்காரரும் முழிச்சிருக்கும்போது ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்க்கிறது தினம் நாலு நிமிஷம். கூட்டிச் சொல்றேனோ குறைச்சுச் சொல்றேனோன்னு யாருக்காவது சந்தேகம் இருந்தா, பிஸ்கட் கம்பெனி கேட்டுல தொங்குற கடிகாரத்தைப் போய்க் கேளுங்க.

நான் பேக்கிங். காலைல ஆறிலிருந்து ரெண்டு. அவர் ஓவன். ரெண்டிலிருந்து ராத்திரி பத்து. ரெண்டு மணிக்குச் சங்கு ஊதினதும் காலை ஷிப்ட்காரங்க நாங்க வெளியே வருவோம். உள்ளே போறவங்க அட்டை தேய்க்க நாலு நிமிஷம் சலுகை. அந்த நாலு நிமிஷத்துல கேட்டு ஓரமா நின்னு அவர் வீட்டுச் சாவியை என் கையில குடுப்பார், நான் ஒரு ரேப்பரை அவர் கையில குடுப்பேன். போனெல்லாம் வாசல்லயே வாங்கி வச்சுக்குவாங்க, உள்ளே கொண்டு போக முடியாது. அதனால எங்க குடும்பம் நடந்ததெல்லாம் ரேப்பர்லதான்.

ரேப்பர்னா அச்சு கோணலா விழுந்து கழிச்சுப் போட்ட பிஸ்கட் காகிதம். உள்பக்கம் வெள்ளையா இருக்கும், பேனா நல்லா ஓடும். டீ குடிக்கிற நேரத்துல எழுதுவேன். "சிலிண்டர் தீரப் போகுது." "பாப்பாவுக்கு மேல்பல் ஆடுது, பிடுங்காதீங்க, தானா விழட்டும்." "உங்க இருமலுக்கு மருந்து ஜன்னல் மேல இருக்கு, அது அலங்காரத்துக்கு இல்ல." அவர் வந்து படுக்கும்போது நான் தூங்கியிருப்பேன். நான் கிளம்பும்போது அவர் தூங்கிட்டிருப்பார். அவர் எழுதுறதை அரிசி டப்பா மூடிக்கு உள்பக்கம் ஒட்டி வைப்பார். அவர் தங்கச்சி கல்யாணத்துக்கு யார் யாரைக் கூப்பிடுறதுங்கிறதுல பதினேழு ரேப்பர் சண்டை போட்டோம். பதினெட்டாவதுல அவர் விட்டுக் கொடுத்தார்.

ஏன் இந்தத் தலையெழுத்துன்னா, புருஷன் பொண்டாட்டி ஒரே ஷிப்ட்ல இருக்கக் கூடாதுன்னு கம்பெனியில விதி. ஒண்ணா இருந்தா ஒண்ணா லீவு போட்டுருவாங்களாம். எவ்வளவு தூரம் யோசிச்சிருக்காங்க பாருங்க.

பழகிப் போச்சுன்னுதான் இருந்தோம். ஒரு புதன்கிழமை ஓவன் பழுதாகி கம்பெனியையே மூடிட்டாங்க. பாப்பா ரெண்டாங்கிளாஸ். ஸ்கூல் விட்டு வந்து பார்க்கிறா, அடுப்படியில நான் வெங்காயம் நறுக்கிட்டிருக்கேன், அவர் பாத்திரம் தேய்ச்சிட்டிருக்கார். பையைக்கூட இறக்கல அவ. என் பக்கத்துல வந்து மெதுவா, "யாரும்மா செத்துட்டாங்க?"ன்னு கேட்டா. அவளுக்குத் தெரிஞ்சு வேலை நாள்ல நாங்க ரெண்டு பேரும் வீட்ல இருந்தது அவ தாத்தா செத்த அன்னிக்கு மட்டும்தான். அவர் கையில இருந்த பாத்திரத்தை வச்சிட்டு அவளையே பார்த்துட்டு நின்னார்.

மறுநாளே ஒரே ஷிப்ட் கேட்டு மனு எழுதிக் கொடுத்தோம். ஆபீஸ்ல இருந்தவர் அதைப் படிச்சுட்டு, இதுக்கு ஒரு வழி இருக்குன்னார். விதி பத்தொன்பது. தம்பதிகளோட இல்லறம் ஆரோக்கியமா இருக்குன்னு சான்றிதழ் இருந்தா ஒரே ஷிப்ட் பரிசீலிக்கலாமாம். ஆரோக்கியம் இல்லாதவங்களை ஒண்ணாப் போட்டா மெஷின் பக்கத்துல சண்டை வருமாம், மாவு வீணாகுமாம். சான்றிதழ் தர்றது இனிய இல்லறக் கல்வி மையம். பத்து வாரப் பாடம். ஞாயித்துக்கிழமை காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரைக்கும்.

எங்களுக்கு வாரத்துல இருந்த ஒரே நாள் ஞாயித்துக்கிழமை. சரி, போனா ரெண்டு பேரும் ஒண்ணா உட்கார்ந்திருக்கலாமேன்னு நினைச்சேன். சொன்னா சிரிப்பீங்க, இருக்கிறதுலயே நல்ல புடவையைக் கட்டிக்கிட்டுப் போனேன்.

பாப்பாவை எதிர்வீட்ல விட்டுட்டு மையத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். ரெண்டு மாடிக் கட்டடம். வாசல்ல பெரிய படம் மாட்டியிருந்தாங்க. ஒரு ஆணும் ஒரு பெண்ணும் ஒரே கோப்பையை ரெண்டு பக்கமும் பிடிச்சுக்கிட்டு முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிக்கிறாங்க. அதுக்குக் கீழே மேசை போட்டு உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காம, ஆண்கள் மாடிக்கு, பெண்கள் கீழேன்னார். நாங்க புருஷன் பொண்டாட்டின்னேன். இங்க வர்றவங்க எல்லாருமே அப்படித்தான்மா, மாடிக்குப் போகச் சொல்லுங்கன்னார்.

எங்களுக்குப் பாடம் எடுத்தவர் எப்பவும் சிரிச்ச மூஞ்சியாவே இருப்பார். திட்டும்போதும் அதே சிரிப்புதான். நாங்க அவருக்குச் சிரிப்பு சார்னு பேர் வச்சோம். ஏன் சார் பிரிச்சு வச்சிருக்கீங்கன்னு முதல் நாளே எழுந்து கேட்டேன். நல்ல கேள்வின்னார். "ஆரம்பத்துல சேர்த்துத்தான்மா உட்கார வச்சோம். ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கிட்டே இருந்தாங்க. பாடத்துல கவனம் போகல."

பக்கத்துல இருந்த பசை அக்கா என் தொடையைக் கிள்ளி உட்கார வச்சா. லேபிள் ஒட்டுற பிரிவுல பசை காய்ச்சுறவ. அவ புருஷனும் ஓவன்தான். அவளும் என்னை மாதிரிதான் வந்து மாட்டியிருந்தா.

முதல் பாடம், கணவரிடம் மனம் திறந்து பேசுவது எப்படி. கணவர் மாடியில இருக்காரே, அதுக்காக ஆளுக்கொரு பிளாஸ்டிக் நாற்காலி கொடுத்தாங்க. நாற்காலியைக் கணவரா நினைச்சு எதிர்ல வச்சு, கண்ணோடு கண் பார்த்துப் பேசணும். நாற்காலிக்குக் கண்ணு எங்கேன்னு பசை அக்கா கேட்டா. முதுகு சாயுற பலகையில மேல் ஓரத்தைப் பார்க்கச் சொன்னார். நாற்பது பொம்பளைங்க நாற்பது நாற்காலிகிட்ட, "நீங்க என்னைப் புரிஞ்சுக்கணும்"னு சொன்னோம். என் நாற்காலிக்கு ஒரு கால் ஆட்டம் வேற. மையத்துக்காரங்க வந்து சிலேட்டு மாதிரி ஒரு அட்டையில மார்க் போட்டுட்டுப் போனாங்க. எனக்குப் பத்துக்கு நாலு. குரல்ல அன்பு போதலையாம்.

தலைக்கு மேல தரையில நாற்காலி இழுபடுற சத்தம். அங்கயும் இதே கூத்துதான். நடுவுல ஒரு இருமல் கேட்டுச்சு. ரெண்டு சின்னது, ஒரு பெரியது. ஓவன் சூட்டுல பதினோரு வருஷம் நின்ன இருமல், எனக்குத் தெரியாதா? மருந்தைக் குடிக்கல இந்த மனுஷன்னு மனசுக்குள்ள திட்டினேன். அன்னிக்கு முழுக்க எங்க ரெண்டு பேருக்கும் நடந்த பேச்சு அதுதான். அதுக்கு யாரும் மார்க் போடல.

மூணாவது வாரம் சிரிப்பு சார் தன் அனுபவத்தைச் சொன்னார். இந்த மையத்துக்காகவே தன்னை அர்ப்பணிச்சவராம். வீட்டம்மா பிள்ளைங்க வேற ஊர்ல இருக்காங்க. "இதுவரைக்கும் மூவாயிரம் தம்பதிகளைப் பேச வச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை பூரா உங்களோடதான். போன மாசம் என் வீட்டம்மா போன் பண்ணி, நம்ம பெரியவன் காலேஜ் முடிச்சிட்டான்னு சொன்னப்போ எனக்கே ஆச்சரியம். அவன் எப்போ சேர்ந்தான்னே எனக்குத் தெரியாது." இதைச் சொல்லிட்டு அதே சிரிப்போட கைதட்டலுக்காக நின்னார். எல்லாரும் தட்டினாங்க. தட்டலைன்னா மார்க் போயிடும்.

நாலாவது வாரம் ஒரு நோட்டு கொடுத்தாங்க. அங்கதான் வந்துச்சு வினை. வேலை நாள்ல தம்பதிகள் தினமும் இருபது நிமிஷம் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசணும். எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது, எத்தனை மணிக்கு முடிஞ்சது, யார் முதல்ல பேசினது, சாட்சி கையெழுத்து, எல்லாத்துக்கும் கட்டம் போட்டிருந்தது. அடுத்த வாரம் எங்க நோட்டுல தினமும் நாலு நிமிஷம்னு எழுதியிருந்ததைப் பார்த்துட்டு, மீதி பதினாறு நிமிஷம் எங்கேன்னார் சிரிப்பு சார். ஏதோ நான் முந்தானையில முடிஞ்சு வச்சிருக்கிற மாதிரி.

அந்தப் பதினாறு நிமிஷத்துக்காகத்தானே சார் சான்றிதழ் கேட்டு வந்திருக்கோம்னு சொன்னேன். சான்றிதழ் வேணும்னா அந்தப் பதினாறு நிமிஷம் வேணும்னார். நான் விடல. நாங்க பேசாம ஒண்ணும் இல்ல, இதோ பாருங்கன்னு பையில இருந்து ரேப்பர்க் கட்டை எடுத்து மேசை மேல வச்சேன். ரெண்டு பேரும் எழுதின ஏழு வருஷத்து ரேப்பர், ரப்பர் பேண்டு போட்டது. முந்தின நாள் மூடியில இருந்து எடுத்ததுகூட மேலயே இருந்துச்சு. அதுக்கு இன்னும் பதில் எழுதல, திங்கக்கிழமை எழுதிக்கலாம்னு இருந்தேன்.

அவர் நாலஞ்சைப் பிரிச்சுப் படிச்சார். அப்புறம் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, இதுதான் நோயோட அறிகுறின்னார். நேர்ல பேசத் துணிவில்லாதவங்கதான் எழுதுவாங்களாம். இது மறைமுகத் தொடர்பு, தப்பித்தல், உடனே நிறுத்தணும். மறுபடியும் ஒரு தாள் எழுதினது தெரிஞ்சாலும் ரெண்டு பேருக்கும் சான்றிதழ் கிடையாது. கட்டைக் கோப்புல வைக்கணும்னு உள்ளே எடுத்துக்கிட்டுப் போயிட்டார். தெருவுல போறவன் வீட்டுக்குள்ள புகுந்து அடுக்களை டப்பாவைத் தூக்கிட்டுப் போன மாதிரி இருந்துச்சு எனக்கு. வாயைத் திறந்தா அஞ்சு ஞாயித்துக்கிழமை வீணாப் போயிடுமேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.

எழுதுறதை நிறுத்தினோம். சொல்ல வேண்டியதுல பாதி, கேட்டுல நிக்கிற நாலு நிமிஷத்துல மறந்து போயிடும். முதல் வாரம் சிலிண்டர் தீர்ந்து போய் பாப்பா ரெண்டு நாள் வெறும் பிஸ்கட் தின்னா. ரெண்டாவது வாரம் அவளுக்குக் காய்ச்சல். விடியக்காலைல அஞ்சு மணிக்கு நான் மருந்து கொடுத்துட்டுக் கிளம்பினேன். ஏழு மணிக்கு எழுந்தவர், நான் கொடுத்தது தெரியாம அதே மருந்தை அதே அளவு கொடுத்து ஸ்கூலுக்கு அனுப்பிட்டார். அவ முதல் பீரியட்ல பெஞ்சுல சாஞ்சவதான், தண்ணி தெளிச்சும் எழுந்திருக்கல. ஸ்கூல்ல எழுதிக் குடுத்திருந்தது என் நம்பர்தான், அதுக்கு ஒன்பது தடவை அடிச்சிருக்காங்க. போன் கம்பெனி வாசல்ல பெட்டிக்குள்ள கிடந்துச்சு. டீச்சருங்களே அவளை ஆஸ்பத்திரியில சேர்த்திருந்தாங்க, ரெண்டு மணிக்குப் போனை எடுத்துப் பார்த்துட்டுத்தான் நான் ஓடினேன். ஆஸ்பத்திரியில டாக்டர் என்னைப் பார்த்து, ஏம்மா, வீட்ல ரெண்டு பேரும் பேசிக்கவே மாட்டீங்களான்னு கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ஆஸ்பத்திரிச் சுவத்துல முட்டிக்கணும் போல இருந்துச்சு. பாப்பா சாயங்காலம் கண்ணைத் திறந்தா. அப்புறம்தான் எனக்கு உசுரு வந்துச்சு.

ஞாயித்துக்கிழமை இதைச் சிரிப்பு சார்கிட்ட சொன்னேன். ரொம்ப வருத்தப்பட்டார். அடுத்த பாடம் பிள்ளை வளர்ப்புதான், அதுல எல்லாத்துக்கும் விடை இருக்குன்னார். அந்தப் பாடத்துக்குப் பிள்ளைக்குப் பதிலா தலையணை கொடுத்தாங்க.

பத்தாவது வாரம் பட்டமளிப்பு. எங்க கம்பெனி மேலாளர்தான் தலைமை விருந்தாளி. கம்பெனியும் மையமும் கை கோத்து நடத்துறாங்கன்னு அன்னிக்குத்தான் தெரியும். மண்டபத்துல ஆண்கள் இடது பக்கம், பெண்கள் வலது பக்கம். உள்ளே நுழைஞ்சதும் பசை அக்கா என் கையைப் பிடிச்சு இழுத்துச் சுவத்தைக் காட்டினா.

சுவர் முழுக்கத் துணி பலகை அடிச்சு எங்க ரேப்பருங்க. பெரிசு பண்ணி, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தாங்க. மேல "தாள்வழித் தாம்பத்தியம்: எமது மையத்தின் புதிய முறை"ன்னு எழுத்து. கீழே ஒவ்வொண்ணுக்கும் விளக்கம். "உங்க இருமலுக்கு மருந்து ஜன்னல் மேல" அதுக்குக் கீழே, துணையின் உடல்நலத்தில் அக்கறை, பத்துக்கு எட்டு. தங்கச்சி கல்யாணச் சண்டை பதினெட்டும் வரிசையா இருந்துச்சு, யாரைக் கூப்பிட வேண்டாம்னு சொன்னோம்னு ஊருக்கே தெரியுற மாதிரி. நடுவுல இருக்கிறதுலயே பெரிய சட்டத்துல, நான் பதில் எழுதாம விட்ட அந்தக் கடைசி ரேப்பர். அவர் கையெழுத்து.

"நேத்து ராத்திரி நீ தூக்கத்துல அழுதே. எழுப்பலாம்னு ரொம்ப நேரம் நின்னேன். அஞ்சு மணிக்கு எழுந்து போகணுமேன்னு எழுப்பல. என்ன கனவு? எழுதி வை."

அதுக்குக் கீழே தங்க நிற எழுத்துல, மனைவியின் உறக்கத்தை மதித்தல், பத்துக்குப் பத்து.

மையத்தோட இயக்குநர் அம்மா மைக்கைப் பிடிச்சு இந்த முறையை அவங்க எப்படிக் கண்டுபிடிச்சாங்கன்னு முக்கால் மணி நேரம் பேசினாங்க. நோய்னு சொன்ன சிரிப்பு சார் பக்கத்துல நின்னு தலையாட்டினார். அப்புறம் மேலாளர் எழுந்தார்.

"நான் ஒரு விஷயத்தை வெளிப்படையாச் சொல்லணும். ஒரே ஷிப்ட் கேட்டு எங்களுக்கு நாற்பது மனு வந்திருக்கு. நாங்களும் கல் நெஞ்சக்காரங்க இல்ல, பரிசீலிச்சோம். ஆனா இந்தச் சுவத்தைப் பாருங்க. வேற வேற ஷிப்ட்ல இருந்துக்கிட்டே இவ்வளவு அன்பா ஒரு குடும்பம் நடந்திருக்கு. ஒண்ணா இருந்திருந்தா இதுல ஒரு வரியாவது எழுதியிருப்பாங்களா? இந்த அன்பைக் கெடுக்கிற பாவத்தை நாங்க செய்ய மாட்டோம். அதனால நாற்பது மனுவையும் அன்போட திருப்பி அனுப்புறோம். அதுக்குப் பதிலா எல்லாத் தம்பதிக்கும் கம்பெனி சார்பா ஆளுக்கொரு குறிப்பேடு."

கைதட்டல். நான் இடது பக்கம் பார்த்தேன். எங்க வீட்டுக்காரர் தட்டல. அவருக்குப் பக்கத்துல ஓவன்காரங்க யாரும் தட்டல. எங்களை முன்மாதிரித் தம்பதின்னு மேடைக்குக் கூப்பிட்டாங்க. மேலாளர் கையால சான்றிதழ், மேல அவர் கையெழுத்து. கைகுலுக்கும்போது என்னைப் பார்த்து, நீங்க எங்க கம்பெனிக்குப் பெருமைம்மான்னார். நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்கணும்னுதான் வாயைத் திறந்தேன். மைக்கை அதுக்குள்ள அடுத்தவங்ககிட்ட கொடுத்துட்டாங்க. ஆரோக்கியம் இல்லாதவங்களுக்கு ஒரே ஷிப்ட் கிடையாது. ஆரோக்கியமா இருக்கிறவங்களுக்கு அது தேவையே இல்ல. இதைத் தெரிஞ்சுக்க எங்களுக்குப் பத்து ஞாயித்துக்கிழமையும் பாப்பாவோட ஒரு நாளும் ஆச்சு.

திரும்பி வரும்போது பஸ்ல நான்தான் பொரிஞ்சு தள்ளிட்டே வந்தேன். அவர் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு வந்தார். வீட்டுக்கிட்ட இறங்கும்போது அதன் பின்பக்கத்தை என் மூஞ்சிக்கு நேரா நீட்டினார். பொடி எழுத்துல நிபந்தனை அச்சடிச்சிருந்தது. சான்றிதழ் பெற்ற தம்பதியர் ஒவ்வொரு வேலை நாளும் இருபது நிமிடம் நேருக்கு நேர் உரையாட வேண்டும், அதற்கு அவர்கள் பணிபுரியும் நிறுவனம் இடமும் நேரமும் அளிக்கும். அதுக்குக் கீழேயும் மேலாளர் கையெழுத்து. நாற்பது சான்றிதழ்லயும் முன்னாடி பின்னாடி படிக்காமலே போட்டுத் தள்ளியிருக்கார்.

"பசை அக்கா வீட்டுக்கும் போய்ச் சொல்லிட்டு வந்துடலாம்"னார் அவர். பத்து வாரத்துல அவர் முழுசாப் பேசின முதல் வாக்கியம் அது.

திங்கக்கிழமை ரெண்டு மணிக்குச் சங்கு ஊதுச்சு. நான் வெளியே வந்தேன், அவர் வந்து கேட்டுக்கு நடுவுல நின்னார். சாவியைக் கொடுத்தார். நான் வாங்கிக்கிட்டு அங்கேயே நின்னேன். நாலு நிமிஷம் ஆனதும் காவலுக்கு இருக்கிற கேட் அண்ணன் வந்து, உள்ளே போகச் சொன்னார். சான்றிதழைக் காட்டினேன். ரெண்டு தடவை படிச்சார். இதுல மேலாளர் கையெழுத்து இருக்கேன்னார். அதான் அண்ணேன்னேன். அவர் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிஞ்சுட்டு உள்ளே போய்த் தன் நாற்காலியைக் கொண்டு வந்து போட்டார்.

"நாற்காலி வேண்டாண்ணே. பத்து வாரம் அதோடதான் பேசியாச்சு."

எங்களுக்குப் பின்னாடி பசை அக்காவும் அவ புருஷனும் நின்னாங்க. அவங்களுக்குப் பின்னாடி இன்னொரு ஜோடி. கேட்டு ரெண்டு பக்கமும் அடைஞ்சு போச்சு. எல்லார் கையிலயும் சான்றிதழ். ஓவன் பக்கம் போக ஆள் இல்ல.

சிரிப்பு என்னன்னா, எங்களுக்கு நாலு நிமிஷத்துக்கு மேல பேசத் தெரியல. சிலிண்டர், பாப்பாவோட பல்லு, இருமல் மருந்து, எல்லாம் நாலு நிமிஷத்துல தீர்ந்து போச்சு. அதுக்கப்புறம் பேச வந்த ரெண்டு ஊமைங்க மாதிரி நின்னோம். அவர் தன் செருப்பைப் பார்த்தார், நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ரெண்டு ஒன்பது ஆகும்போது அவர் நிமிர்ந்தார்.

"அன்னிக்கு என்ன கனவு?"

யோசிச்சேன். கண்ணை மூடிக்கிட்டு நல்லா யோசிச்சேன். அந்தத் தாளை அவங்க சட்டம் போட்டு வச்சிருக்காங்க, பத்துக்குப் பத்து கொடுத்திருக்காங்க. கனவு மட்டும் எங்கேயும் இல்ல.

"மறந்து போச்சுங்க. அன்னிக்கே எழுப்பியிருந்தா சொல்லியிருப்பேன்."

அவருக்குக் கண்ணு சிவந்து போச்சு. உள்ளே இருந்து மாவு கருகுற வாடை வந்துச்சு. மாடியில மேலாளர் ஜன்னலைத் திறந்து எங்களைப் பார்த்து என்னமோ கத்தினார். யாரும் திரும்பிப் பார்க்கல.

"இனிமே எழுப்புறேன்"னார் அவர்.

"எழுப்புங்க"ன்னேன். கடிகாரத்தைப் பார்த்தேன். ரெண்டு பதினொண்ணு. "நின்னு நிதானமாப் பேசுங்க. இன்னும் ஒன்பது நிமிஷம் இருக்கு."